இரண்டு காலிக் கட்டங்கள்

ஒன்பதே முக்காலுக்கு உள்ளே போன ஆவுடையம்மாள் பத்து மணி அடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள், இந்நேரம் காண்டீனில் உட்கார்ந்து உளுந்த வடையைப் பிய்த்துச் சட்னியில் முக்கிக்கொண்டிருப்பாள், ஆங்கிலத்தில் ‘ஏ’ போட்டுப் பேர் தொடங்கினால் வாழ்க்கை அப்படித்தான், ‘இஸட்’ போட்டுத் தொடங்கினால் இப்படித்தான், என்று ஜுலைகா விலங்கியல் துறைத் தாழ்வாரத்து பெஞ்சில் கடைசி ஆளாக உட்கார்ந்து நினைத்துக்கொண்டாள். எம்.எஸ்ஸி. கடைசி வருஷம், புராஜெக்ட்டுக்கு வாய்மொழித் தேர்வு, வைவா, இருபத்திரண்டு பேர், அவள் இருபத்திரண்டாவது. ஒன்றாம் வகுப்பில் தடுப்பூசி போட வந்த நாளிலிருந்து இதே கதைதான். முன்னால் நிற்கிற முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் முப்பத்தெட்டு விதமாக அழுது முடித்த பிறகு அவள் முறை வரும், ஊசி குத்துவது என்னவோ ஒரு நொடிதான், அதற்கு முன்னால் முப்பத்தெட்டு ஊசியை அவள் குத்திக்கொண்டிருப்பாள். உம்மாவிடம் ஒருநாள் சண்டைக்கே போயிருக்கிறாள், “ஆயிஷான்னு வச்சா என்ன, ஆமினான்னு வச்சா என்ன, ஊர்ல பேரா இல்ல?” உம்மா அரிசி களைந்துகொண்டே, “நீ பொறந்ததே பதினஞ்சு நாள் பிந்தித்தான், உனக்கு எதுக்கு ஆனா ஆவன்னா” என்று சொல்லிவிட்டாள். தலைக்கு மேலே மின்விசிறி டக், டக், டக்கென்று, நாலாவது சுற்றுக்கு மட்டும் ஒரு இழுவை. எதிரே கண்ணாடிப் பெட்டியில் ஜாடி ஜாடியாகத் தேள், பூரான், சுருண்ட பாம்பு. பாம்புக்கு என்ன, அதுக்கு வைவா முடிந்துவிட்டது.

மடியில் அட்டைக் கட்டு இருந்தது. அறுபத்துநாலு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி, பின்பக்கம் பதில், மூலையில் நிறப்பொட்டு: பச்சை என்றால் தெரியும், மஞ்சள் என்றால் தெரிந்த மாதிரி, சிவப்பு என்றால் யா அல்லாஹ். தை மாசம் தொடங்கினபோது சிவப்பு பத்துதான் இருந்தது, படிக்கப் படிக்க அது குறையாமல் நாற்பத்தொன்றாக ஏறிவிட்டது, இதென்ன கணக்கு என்று அவளுக்கே விளங்கவில்லை. போனில் பார்த்த வீடியோவில் ஒரு அக்கா சிரித்த முகமாகச் சொன்னாள், மாணவர்கள் மனசை லேசாக வைத்துக்கொள்ளப் பத்து வழிகள், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், நேரம் ஒதுக்குங்கள், கவலைக்குக்கூட ஒரு நேரம் ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் மட்டும் கவலைப்படுங்கள். ஜுலைகா ஒதுக்கினாள். கால அட்டவணையில் சாயங்காலம் ஏழிலிருந்து ஏழேகால் வரை, ஊதா மையில், ‘கவலை’. ஏழு மணிக்குச் சரியாகப் பாயை விரித்து உட்காருவாள், ஒரு கவலையும் வராது, மனசு துடைத்து வைத்த சிலேட்டு மாதிரி இருக்கும். நேரத்தை வீணாக்குகிறோமே என்று அப்போதுதான் கவலை வரத் தொடங்கும், அது சூடு பிடிக்கிறபோது ஏழு இருபது ஆகி அடுத்த கட்டமான ‘உயிர்வேதியியல்’ வந்துவிடும். மிக்சி ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு வருகிற வாப்பா வாசலிலேயே கேட்பார், “இன்னைக்குக் கவலை முடிஞ்சிட்டாம்மா? டீ போடலாமா, இல்ல இன்னும் பாக்கி இருக்கா?” உம்மாவுக்கோ சுவரைப் பற்றித்தான் கவலை. “இத்தனை பேப்பரை ஒட்டியிருக்கியே, பிய்க்கும்போது சுண்ணாம்பும் சேந்து வருமே.” பதினோரு அட்டவணை அந்தச் சுவரில் ஏறி இறங்கியிருக்கிறது. எல்லாமே திங்கட்கிழமை தொடங்கினவை. புதன்கிழமையைத் தாண்டினது ஒன்றுகூட இல்லை.

“ஆறு! ஃபெலிக்ஸ்!” சுடலைமுத்து அண்ணன் கதவைப் பாதி திறந்து கூப்பிட்டார். அவர் துறையின் அட்டெண்டர், ஜாடிகளுக்கு ஃபார்மலின் மாற்றுகிற கை, அதனால் அவர் கூப்பிட்டாலே மூக்கில் நெடி ஏறும். ஆறு. இன்னும் பதினாறு. ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றால் நூற்றைம்பது நிமிஷம், நூற்றறுபது, பன்னிரண்டே முக்கால், ஒரு மணி. போன டிசம்பரிலும் இப்படித்தான் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இதே பெஞ்சு, இதே இரும்புப் பட்டை தொடையில் அழுந்துகிற இடம்கூட இதே இடம். அது சின்ன வைவா, குட்டி புராஜெக்ட்டுக்கு. மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி, மூன்றரை. பத்தொன்பதாவது ஆள் உள்ளே போனபோது நெஞ்சு அடித்த அடியில் சுடிதார் துணி அசைவது அவளுக்கே தெரிந்தது, விரல் நுனி மரத்துப்போச்சு, தமிழாவது இங்கிலீஷாவது, எந்த மொழியும் வாயில் இல்லை. பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தாள். பையையும் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பின்படி, சைக்கிள் நிறுத்துமிடம், பின்கேட், மேலப்பாளையம் பஸ், ஜன்னல் சீட்டு. வீட்டுக்கு வந்து, “வாப்பா, நான் வைவாவுல இருந்து ஓடி வந்துட்டேன்” என்று அழுதபோது, அவர் ஒரு மிக்சி மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். “ஓடியா வந்த?” “ஆமா.” “பாளையங்கோட்டைல இருந்தா?” “பஸ்ல.” “பின்ன என்ன, பஸ்ல வந்திருக்க. ஓடி வந்தேன்னு சொன்னதும் நான் பயந்துட்டேன், இந்த வெயில்ல.” அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்து மூக்கில் ஏறி இருமினது நினைவிருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் போர்வைக்குள் போனவள் இரண்டு வாரம் வெளியே வரவில்லை. ஜனவரியில் புராஜெக்ட்டுக்கு வழிகாட்டியான ராஜாத்தி மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டு, வேறு யாரும் இல்லாமல், கதவைச் சாத்திவைத்து, மறுவைவா நடத்தி முடித்தார். முடித்துவிட்டுச் சொன்னார், “இந்தத் தடவை நான் பாத்துக்கிட்டேன். ஏப்ரல்ல எக்ஸ்டர்னல், வெளியூர்ல இருந்து ஆள் வருவாங்க. அப்போ நீ இல்லேன்னா அடுத்த வருஷந்தான், என் கையில ஒண்ணும் இல்ல, சரியா?” அடுத்த வருஷம் என்றால் ஜூன் மாசம் ஆற்றுக் கணக்கெடுப்பில் கிடைத்திருக்கிற வேலை வேறு யாருக்கோ போய்விடும். ஆறு மாசம் ஆற்றோடு ஆறாக நடந்து, பாபநாசத்தில் தொடங்கிக் கடல் வரைக்கும், ஒவ்வொரு துறையிலும் இறங்கி நத்தையும் சிப்பியும் எண்ணுகிற வேலை. அப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு ஆச்சரியம், அதற்கு ஆள் தேவைப்படுகிறது என்பது அதைவிட ஆச்சரியம்.

நத்தைதான் அவளுடைய புராஜெக்ட். கொக்கிரகுளத்துப் பக்கம் தாமிரபரணியில் நன்னீர் நத்தைகள், செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை, வாராவாரம் சனிக்கிழமை காலை. வாப்பா பிளாஸ்டிக் குழாயை அறுத்து ஒட்டி ஒரு சதுரச் சட்டம் செய்து கொடுத்திருந்தார், அதைத் தண்ணீருக்குள் வைத்து அந்தச் சதுரத்துக்குள் எத்தனை நத்தை என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். முழங்கால் வரை தண்ணீர். பாசி வழுக்கும். குளிக்க வருகிறவர்கள் கேட்பார்கள், என்னம்மா தொலைச்சே, கொலுசா? நத்தை எண்ணுதேன் என்றால் ஒரு மாதிரி பார்த்துவிட்டு சோப்பு போடத் தொடங்கிவிடுவார்கள். ஒன்று, இரண்டு, கல்லுக்கடியில் மூன்று, குட்டி நாலு. அந்த ஒரு மணி நேரம் தலைக்குள் எதுவும் இராது. அட்டவணையில் அதற்கு நிறம்கூடக் கொடுக்கவில்லை அவள், மறந்துபோய் அல்ல, தோன்றவே இல்லை. எண்ணி எண்ணி எழுதினதுதான் புராஜெக்ட் புத்தகத்தில் அட்டவணை மூன்று, பக்கம் நாற்பத்தேழு. செப்டம்பர் நாலு கட்டம், அக்டோபர் நாலு, நவம்பர், டிசம்பர் முதல் வாரம், அப்புறம் காலி. காலி. அப்புறம் டிசம்பர் நாலாம் வாரம் இருபத்தாறு. இரண்டு காலிக் கட்டங்கள், நடுவில் ஒரு சின்னக் கோடு, கீழே, ‘எடுக்கப்படவில்லை’. போர்வைக்குள் கிடந்த இரண்டு சனிக்கிழமைகள். ஒரு சாயங்காலம் பென்சிலால் முப்பத்தொன்று, இருபத்தெட்டு என்று எழுதிப் பார்த்தாள். எவ்வளவு அழகாகப் பொருந்தியது! முன்னால் முப்பத்துமூன்று, பின்னால் இருபத்தாறு, நடுவில் படிப்படியாக இறங்குகிற மாதிரி, நத்தைகளே வந்து சத்தியம் பண்ணும். ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அழித்தாள். நல்லவள் என்பதால் அல்ல. அந்த முப்பத்தொரு நத்தையையும் அவள் பார்த்ததில்லை, பார்க்காத நத்தையை எண்ணினால் பார்த்த நத்தைகளின் மேலும் சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது.

இப்போது, பத்தே முக்காலுக்கு, அழிக்காமல் விட்டிருக்கலாமோ என்று தோன்றியது. ஏனென்றால் எட்டாவதாகப் போய் வந்த பெண், துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, “எக்ஸ்டர்னல் ஒரு மேடம்ட்டி. வேற எதையும் பாக்க மாட்டேங்காங்க. டேபிளைத்தான். கட்டம் கட்டமா வெரல் வச்சு வாராங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கட்டம் கட்டமா. விரல் வைத்து. ஜுலைகாவுக்கு அந்த விரல் தெரிந்தது. செப்டம்பரில் இறங்கி, அக்டோபரில் நடந்து, நவம்பரில் ஊர்ந்து, நத்தை மாதிரித்தான், டிசம்பரில் வந்து நின்று, தட்டும். இது ஏன் காலியா இருக்கு? அட்டைக் கட்டில் ஐம்பத்தெட்டிலிருந்து அறுபத்துநாலு வரை இந்த ஒரே கேள்விதான், ஏழு பதில்களோடு. மழை, வெள்ளம், காய்ச்சல், சட்டம் உடைந்துபோச்சு, அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், கல்யாண வீடு, தவிர்க்க முடியாத காரணங்கள். எல்லாமே சிவப்புப் பொட்டு. மழை என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பார்கள். காய்ச்சல் என்றால், இரண்டு வாரமா? காய்ச்சலா? டாக்டர் சீட்டு? கல்யாணம் என்றால் யாருக்கு? சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளையை இப்போதே தயார் பண்ண வேண்டும், பேர், ஊர், பிரியாணியா நெய்ச்சோறா. தவிர்க்க முடியாத காரணங்கள் என்று மட்டும் சொன்னால் அது அரசாங்கம் பேசுகிற மாதிரி இருக்கும். அட்டைகளை மறுபடி கலைத்தாள். முதலில் டேபிள் கேள்விகள், பிறகு நத்தை வகைகள். இல்லை, முதலில் நத்தை வகைகள். ஆறு வகை, ஐந்தின் பேர் நாக்கில் இருந்தது, ஆறாவது ஓட்டுக்குள் போய்விட்டது. டக், டக், டக், இழுவை. இது ஏன் காலியா இருக்கு?

பக்கத்தில் வினிஃப்ரெட் இருந்தாள். இருபத்தொன்று. அவளும் ஆங்கிலத்தில் கடைசிப் பக்கத்து எழுத்துக்காரி, அதனால் இரண்டு வருஷமாக எல்லா வரிசையிலும் ஜுலைகாவுக்கு முன்னால் தெரிகிற ஒற்றைச் சடை அவளுடையது. வகுப்பில் முதல் மதிப்பெண். அட்டை கிடையாது, நாலு கலர் பேனா கிடையாது, ஒரு நோட்டு, ஒரு பென்சில், பரீட்சைக்கு முந்தின நாள் சர்ச்சில் பாட்டுக்குழு ஒத்திகைக்குப் போய்விட்டு வருகிற பிறவி. காலையில் வந்ததிலிருந்து பையை மடியில் வைத்துக்கொண்டு ஜாடிகளைப் பார்த்தபடி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு அமைதி! இப்படி உட்கார ஒரு மனுஷிக்கு எங்கிருந்து வருகிறது? ஜுலைகாவுக்குக் கொஞ்சம் பொறாமையாகவும், பொறாமைப்படுகிற நேரத்தில் ஒரு சிவப்பைப் பச்சையாக்கியிருக்கலாமே என்றும் இருந்தது. பதினொன்று, பதினாலு, பதினாறு, பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது, வெயில் தாழ்வாரத்துக்குள் நீண்டு அவள் செருப்பைத் தொட்டது, சூடான தோல் வாசனை, ஃபார்மலின், யாரோ உரித்த ஆரஞ்சு. பதினெட்டு போனபோது நெஞ்சு தொடங்கியது. இதோ, வந்தாச்சு. விரல் நுனி. அடுத்தது வாய் வறளும், ஆமாம், வறண்டது. டிசம்பரில் என்னென்ன வரிசையில் வந்ததோ அதே வரிசையில், ஒன்றுகூடத் தவறாமல், இதற்கு மட்டும் யார் அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள்? வாப்பா காலையில் பஸ் ஏற்றிவிடும்போது சொன்னார், “முடியலைன்னா வந்துரு. ஆனா நடந்து வராத.” உம்மா டிபன் டப்பாவைத் திணித்தாள். அதை இன்னும் திறக்கவில்லை. பின்படி இருபதடி தூரத்தில் இருந்தது. இருபதடி, சைக்கிள் நிறுத்துமிடம், பின்கேட். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று ஜாடிகளைப் பார்த்தாள். பாம்பைப் பார்த்தாள். பாம்பும் பின்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஜுலை,” என்றாள் வினிஃப்ரெட். “நான் பாத்ரூம் போயிட்டு வாரேன்.”

சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டாவது அட்டையைத் திருப்பினாள் ஜுலைகா, திருப்பின கை அப்படியே நின்றது. பை. வினிஃப்ரெட் பையைத் தோளில் போட்டிருந்தாள். பாத்ரூமுக்கு யாராவது பையைத் தூக்கிக்கொண்டு போவார்களா? போவார்கள். ஒருத்தி போயிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தாள், அப்போதுதான், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்றுகூடச் சொல்லலாம், சடையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. மூக்கின் மேலே பொடிப்பொடியாக வியர்வை. காலையிலிருந்து அமைதி என்று நினைத்துப் பொறாமைப்பட்டதெல்லாம் அமைதியே இல்லை, உறைந்துபோய் உட்கார்ந்திருந்திருக்கிறாள், அந்த ஜாடிகளுக்குள் இருப்பதும் அமைதியாகத்தானே இருக்கிறது.

“பையை வச்சிட்டுப் போ,” என்றாள் ஜுலைகா.

“இல்ல, உள்ள… கர்ச்சீப் இருக்கு.”

“கர்ச்சீப்பை எடுத்துக்கிட்டு பையை வச்சிட்டுப் போ.”

வினிஃப்ரெட் நின்றாள். பின்படியைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். “எனக்கு என் தலைப்பே மறந்துட்டு ஜுலை,” என்றாள், குரல் சன்னமாக, குழந்தை மாதிரி. “வண்ணத்துப்பூச்சின்னு தெரியுது. என்ன வண்ணத்துப்பூச்சி, எங்க உள்ளது, ஒண்ணும் வரமாட்டேங்கு. எங்க அம்மா சொந்தக்காரங்க எல்லாத்துக்கும் சொல்லி வச்சிருக்கா, கோல்டு மெடல்னு. காலையில இருந்து மூணு வாட்டி வாந்தி எடுத்தாச்சு. உன்னைப் பாத்தா பயமே இல்லாம அட்டை அடுக்கிக்கிட்டு இருக்க. எப்படிட்டி உன்னால முடியுது?”

ஜுலைகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத இடம், வந்துவிட்டது. யாருக்கு? பயமே இல்லாமல்? இந்த அட்டைக் கட்டைப் பார்த்து ஒருத்தி இரண்டு மணி நேரமாகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாளா? “ஏட்டி, போன டிசம்பர்ல நான் ஓடுனது உனக்குத் தெரியாதா?” “உடம்பு சரியில்லன்னு சொன்னாங்க.” “உடம்பு நல்லா இருந்துச்சு. இதே பெஞ்சு. இதே மாதிரி பையைத் தூக்கிக்கிட்டு. பின்கேட்ல நின்னா மேலப்பாளையம் பஸ் ரெண்டு நிமிஷத்துல வந்துரும், உங்க வீட்டுப் பக்கம் போற பஸ் அங்க நிக்காது, அதையும் சொல்லிருதேன்.” வினிஃப்ரெட் அழுகிற மாதிரியும் சிரிக்கிற மாதிரியும் ஒரு சத்தம் போட்டாள். அவள் கையைப் பிடித்தபோது அது கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. தன் கையும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் இரண்டு சில்லிட்ட கை ஒன்றாகச் சேர்ந்தபோது எது யாருடையது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அடிப்பதை எண்ண ஆள் இல்லை, ஆள் வேறு வேலையில் இருந்தாள்.

“இருபத்தொண்ணு! வினிஃப்ரெட் ஞானசெல்வி!” கதவு பாதி திறந்தது. சுடலைமுத்து அண்ணன் தலை. வினிஃப்ரெட்டின் விரல்கள் இறுகின. ஜுலைகாவின் திட்டப்படி இப்போது பன்னிரண்டு ஐம்பது, இதிலிருந்து பத்து நிமிஷம் மூச்சை நாலு எண்ணி உள்ளிழுத்து ஆறு எண்ணி விட வேண்டும், பிறகு பச்சை அட்டைகளை மட்டும் ஒரு தடவை, பிறகு தண்ணீர் இரண்டு மடக்கு, பிறகு கையேந்தி ஒரு துஆ. அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நாலு மாசம். “அண்ணே,” என்று யாரோ சொன்னார்கள், அது தன் குரல். “நான் முதல்ல போறேன்.” “நீ இருபத்திரெண்டுல்லா?” “ஆமா. இருபத்திரெண்டு முன்னால போனா ஆத்துத் தண்ணி மேல ஏறிருமா?” அவர் உள்ளே எட்டிப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வினிஃப்ரெட்டைப் பார்த்தார், புரிந்ததா புரியவில்லையா தெரியவில்லை, “யாராவது ஒராள் வாங்கம்மா, சாப்பாட்டு நேரம்” என்றார். ஜுலைகா எழுந்து அட்டைக் கட்டை வினிஃப்ரெட்டின் மடியில் கொட்டினாள், கலைந்து சரிந்து இரண்டு கீழே விழுந்தன. “அறுபத்துநாலு இருக்கு. மூலையில நம்பர் போட்டிருக்கேன். நான் வாரதுக்குள்ள வரிசையா அடுக்கி வை. ஒண்ணு மாறுனாலும் விட மாட்டேன்.” “எதுக்கு?” “எனக்கு வேணும். எந்திரிக்காம அடுக்கு.” போகிற போக்கில் வினிஃப்ரெட்டின் பையையும் எடுத்துக்கொண்டு போனாள். அது ஏன் என்று யோசிக்கவில்லை. ஒருத்தி பை இல்லாமல் பஸ் ஏற முடியாது.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. நீள மேசை, ராஜாத்தி மேடம், துறைத் தலைவர், நடுவில் எக்ஸ்டர்னல். பயங்கரமான மேடம் என்று ஜுலைகா மனசில் கட்டி வைத்திருந்த உருவத்துக்கும் இவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்து, மேசையில் கசங்கின கைக்குட்டைகளோடு, நல்ல தூக்கம் கிடைத்தால் போதும் என்கிற முகத்தோடு ஒரு சின்ன அம்மா. இரண்டு பையோடு நிற்கிறவளைப் பார்த்து, “ஊருக்குக் கிளம்பிட்டீங்களா?” என்றார். “இல்ல மேடம், ஒண்ணு ஃப்ரெண்டோடது.” “உக்காருங்க. ஏன் நத்தையை எடுத்தீங்க?” அறுபத்துநாலு அட்டையில் இந்தக் கேள்வி இல்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு, எதிலும் இல்லை. “அது ஓடாது மேடம்,” என்றாள் ஜுலைகா. ராஜாத்தி மேடம் பேனாவை மூடினார். “நான் மீன்தான் முதல்ல பாத்தேன். எண்ண முடியல. நத்தைன்னா நாம எண்ணி முடிக்கிற வரைக்கும் இருக்கும். அதுக்கும் அவசரம் இல்ல, எனக்கும் அவசரம் இல்ல.” எக்ஸ்டர்னல் தும்மினார், தும்மினதா சிரித்ததா தெரியவில்லை. பிறகு பக்கங்களைப் புரட்டினார். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. விரல். அந்த விரல்தான். செப்டம்பர், அக்டோபர். ஆறாவது நத்தையின் பேர் திடீரென்று ஓட்டிலிருந்து தலையை நீட்டியது, இப்போதா வருவது, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடலாமா? நவம்பர். டிசம்பர், விரல் நின்றது. “இது ஏன் காலியா இருக்கு?”

மழை, வெள்ளம், காய்ச்சல், எல்லாம் ஒரே நேரத்தில் கதவுக்கு வந்து முட்டிக்கொண்டதால் ஒன்றும் வெளியே வரவில்லை. வெளியே வினிஃப்ரெட் இந்நேரம் அறுபத்துமூன்றைக் கண்டுபிடித்திருப்பாளா? அந்தப் பதிலைப் படித்திருப்பாளா? கல்யாண வீடு. “நான் ஆத்துக்குப் போகலை மேடம்,” என்றாள். “டிசம்பர்ல ஒரு வைவா இருந்துச்சு. பயந்து பாதியில வீட்டுக்குப் போயிட்டேன். அப்புறம் ரெண்டு வாரம் வெளிய வரல. நத்தை எல்லாம் இருந்திருக்கும், நான்தான் இல்ல.” சொல்லி முடித்ததும் காதில் ங்ஙென்று ஒரு சத்தம். ராஜாத்தி மேடம் ஜன்னலைப் பார்த்தார். எக்ஸ்டர்னல் விரலை எடுக்காமலே கேட்டார், “நம்பர் போட்டு நிரப்பணும்னு தோணலையா?” “தோணுச்சு மேடம். போட்டும் பாத்தேன். முப்பத்தொண்ணு, இருபத்தெட்டு.” “நல்ல நம்பரா இருக்கே.” “ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம். அதான் அழிச்சிட்டேன்.” இந்தத் தடவை அது தும்மல் இல்லை. மூவருமே சிரித்தார்கள், துறைத் தலைவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை, பல் ஒன்று தங்கம் என்று இப்போதுதான் தெரிந்தது. எக்ஸ்டர்னல் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “காலையில இருந்து இருபது டேபிள் பாத்துட்டேன், ஒருத்தருக்கும் ஒரு நாள்கூட லீவு இல்ல, ஒரு மழைகூடப் பெய்யல. சரி, நாலாம் வாரம் இருபத்தாறுன்னு இறங்கியிருக்கே, அது எதனால?” என்றார். அது ஜுலைகாவுக்குத் தெரியும். தண்ணீர் ஏறி ஓரத்துக் கற்கள் புரண்டு கிடந்ததை, பாசி அரித்துப்போயிருந்ததை, கல்லின் மேல்பக்கம் இருந்தவை அடிப்பக்கம் போய் ஒட்டியிருந்ததை எல்லாம் சொன்னாள், நடுவில் எழுந்து நின்று சட்டத்தை எப்படி வைப்பாள் என்று இரண்டு கையாலும் காட்டினாள், ஆறு வகையின் பேரையும் யாரும் கேட்காமலே சொன்னாள். சுடலைமுத்து அண்ணன் சாப்பாட்டு நேரம் என்பதற்காகக் கதவருகே வந்து நின்று செருமினார். எவ்வளவு நேரம் பேசினாள் என்று தெரியவில்லை. “போதும், நிறைவா இருக்கு. ஜூன்ல வேலைக்குப் போறதா மேடம் சொன்னாங்க, நல்லாப் போயிட்டு வாங்க,” என்றார் எக்ஸ்டர்னல். அப்படியென்றால் பாஸ். இப்படித்தான் சொல்வார்களா? இவ்வளவு சாதாரணமாகவா? “மேடம்,” என்றாள் கதவருகில் திரும்பி, “அடுத்து வாரவ நல்லாப் படிக்கிறவ. முதல் கேள்வியா தலைப்பைக் கேக்காதீங்க. மத்ததெல்லாம் கேளுங்க, சொல்லிருவா.”

வெளியே வினிஃப்ரெட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அட்டைகளைப் பத்துப் பத்தாக ஆறு வரிசை பரப்பி, ஏழாவது வரிசையில் இருந்தாள். “அறுபத்திரெண்டைக் காணோம்,” என்றாள் நிமிராமலே, கோபமாக. உதட்டில் ரத்தம் திரும்பியிருந்தது. “அது போகட்டும், அது பொய்,” என்றாள் ஜுலைகா. “உள்ள ஒரு சின்ன மேடம், ஜலதோஷம். போ.” வினிஃப்ரெட் எழுந்தாள், பைக்குக் கை நீட்டினாள், ஜுலைகா கொடுத்தாள். கதவருகே போய் நின்று, “கல்லூரி வளாகத்து வண்ணத்துப்பூச்சிகளும் அவற்றின் உணவுச் செடிகளும்,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள், “வந்துட்டு ஜுலை, வந்துட்டு!” என்றாள், உள்ளே போனாள்.

தாழ்வாரத்தில் யாருமில்லை. ஜுலைகா பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் முடித்துவிட்டாள், இன்னொருவர் இன்னும் முடிக்கவில்லை. காத்திருப்பது என்றால் இவ்வளவுதானா? சும்மா உட்கார்ந்திருப்பதா? டிபன் டப்பாவைத் திறந்தாள். உம்மா தேங்காய்ச் சோறு வைத்திருந்தாள், ஓரத்தில் முட்டைப் பொரியல், அள்ளி அள்ளித் தின்றாள், டப்பாவின் மூலையை விரலால் வழித்தாள். கதவு வழியாக வினிஃப்ரெட்டின் குரல் முதலில் கேட்கவில்லை, பிறகு கேட்டது, பிறகு நிற்கவே இல்லை, எருக்கு, ஆவாரை, கறிவேப்பிலை என்று ஏதோ அடுக்கிக்கொண்டே போனது, தும்மல், சிரிப்பு. சரி, இனி என்ன? வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும், பண்ணலாம். சுவரில் இருப்பதையெல்லாம் பிய்க்க வேண்டும், சுண்ணாம்பு வரும், வரட்டும், திரும்ப வெள்ளையடிப்பதற்கு வாப்பா இருக்கிறார். அதற்கப்புறம்? இரண்டு மணிக்கு என்ன, மூன்று மணிக்கு என்ன என்று தேடிப்பார்த்தாள், இன்றைய அட்டவணையில் ‘வைவா’ என்று சாயங்காலம் ஐந்து வரைக்கும் ஒரே சிவப்பாக இழுத்து விட்டிருந்தது, அதைத் தாண்டி எழுதத் தோன்றவில்லை போலிருக்கிறது. வெயில் முட்டி வரைக்கும் ஏறி வந்திருந்தது. சூடாக, இதமாக. சுவரில் தலையைச் சாய்த்தாள். டக், டக், டக், அப்புறம் அந்த இழுவை, அது நன்றாகத்தான் இருந்தது, நாலு தடவைக்கு ஒரு தடவை மூச்சு விட்டுக்கொள்கிற மாதிரி. அடுத்து எதையோ நினைக்கத் தொடங்கினாள். அது பாதிக்கு மேல் வரவில்லை.

“ஏட்டி!” யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். “முடிஞ்சிட்டு! ஏட்டி ஜுலை, முடிஞ்சிட்டு! உக்காந்துக்கிட்டே தூங்குதா பாரேன் இவ.”

“ம்,” என்றாள் ஜுலைகா, கண்ணைத் திறக்காமலே நகர்ந்து, பக்கத்தில் அவளுக்கும் இடம் விட்டாள்.